செக்‌ஷன் 8 வவுச்சர் எதற்கெல்லாம் நிறுத்தப்படும், நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது: அமெரிக்காவில் புதிதாக வவுச்சர் வாங்கிய குடும்பங்களுக்கு

செக்‌ஷன் 8 என்று எல்லோரும் சொல்லும் ஹவுசிங் சாய்ஸ் வவுச்சர் கைக்கு வந்துவிட்டால், வாடகையில் உங்கள் பங்கு பொதுவாக உங்கள் வருமானத்தில் (சில கழிவுகள் போக) 30 சதவீதத்தை ஒட்டி நின்றுவிடும். மீதியை ஒரு வரம்புக்குள் ஹவுசிங் அத்தாரிட்டி நேராக வீட்டுக்காரருக்கே கட்டிவிடும். அமெரிக்கா முழுவதும் சுமார் 23 லட்சம் குடும்பங்கள் இதை நம்பி வாழ்கின்றன. பல ஊர்களில் இதற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும், சில ஊர்களில் காத்திருப்புப் பட்டியலில் பெயர் சேர்ப்பதையே மூடி வைத்திருக்கிறார்கள். அதனால் ஒருமுறை போய்விட்டால் திரும்ப வாங்குவது மிகக் கடினம். நம்மவர்களிலும் இது நிறையப் பேரிடம் இருக்கிறது: அரசியல் தஞ்சம் பெற்று வந்த ஈழத்துக் குடும்பங்கள், பிள்ளைகள் மூலம் கிரீன் கார்டில் வந்து இப்போது தனியாக இருக்கும் முதியவர்கள், கணவரைப் பிரிந்து குழந்தைகளோடு நிற்கும் பெண்கள். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு ஹவுசிங் கடிதங்களைப் படித்துச் சொல்லி, பதில் எழுத உதவுகிறேன். வக்கீல் இல்லை. "போதை மருந்து விற்றால்தானே வவுச்சரை எடுப்பார்கள், நமக்கென்ன" என்ற நினைப்பைத்தான் அதிகம் கேட்கிறேன். ஆனால் என்னிடம் வந்த கடிதங்களில் குற்ற வழக்கு அரிது. வீட்டில் சேர்ந்து தங்கிய ஒருவரைப் பற்றிச் சொல்லவில்லை, பையனுக்கு வேலை கிடைத்ததைச் சொல்லவில்லை, ஊருக்குப் போய் மாதக்கணக்கில் தங்கியதைச் சொல்லவில்லை, கேட்ட காகிதத்தைக் கேட்ட தேதிக்குள் அனுப்பவில்லை. இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. முக்கால்வாசி விஷயங்களில், நடந்த காரியத்தை முன்கூட்டியே எழுதித் தெரிவித்திருந்தால் அது பிரச்சினையே ஆகியிருக்காது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், யார் யார் என்று பிரித்துப் பாருங்கள்

சட்டதிட்டம் வகுப்பது ஹட் என்று அழைக்கப்படும் மத்திய வீட்டுவசதித் துறை. அதை உங்கள் ஊரில் நடத்துவது உள்ளூர் ஹவுசிங் அத்தாரிட்டி, நாடு முழுக்க இப்படி ஈராயிரத்துக்கும் மேல் உண்டு. மூன்றாவது ஆள் வீட்டுக்காரர். உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் இடையே ஒரு லீஸ் இருக்கிறது. வீட்டுக்காரருக்கும் ஹவுசிங் அத்தாரிட்டிக்கும் இடையே தனியாக இன்னொரு ஒப்பந்தம் இருக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கோபத்தில் "உன் செக்‌ஷன் 8-ஐ ரத்து செய்துவிடுவேன்" என்று வீட்டுக்காரர் மிரட்டுவார், அவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. அதேபோல் ஹவுசிங் அத்தாரிட்டி உங்களை அந்த வீட்டிலிருந்து வெளியேற்ற முடியாது. ஆனால் அவர்கள் உதவியை நிறுத்தினால் முழு வாடகையும் உங்கள் தலையில் விழும், கட்ட முடியாமல் போனால் வீடும் போகும்.

அரசே கட்டி வாடகைக்கு விடும் பப்ளிக் ஹவுசிங் கட்டடத்தில் இருப்பவர்களுக்கு நடைமுறை வேறு. அங்கே வீட்டுக்காரரே ஹவுசிங் அத்தாரிட்டிதான், உதவியை நிறுத்துவது என்றால் வீட்டைக் காலி செய்ய வைப்பது என்று பொருள், அதற்கு நீதிமன்றம் போக வேண்டும். வேலைக்குப் போகாத, வயது வந்த உறுப்பினர்கள் மாதம் 8 மணி நேரம் சமூகப் பணி செய்ய வேண்டும் என்பது போன்ற விதிகளும் அங்கே உண்டு (62 வயது தாண்டியவர்களுக்கும் உடல்நிலையால் முடியாதவர்களுக்கும் விலக்கு இருக்கிறது). கீழே நான் சொல்வதெல்லாம் வவுச்சரைப் பற்றி.

அடுத்து, இரண்டு ஆவணங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

ஒன்று உங்கள் வவுச்சரே. ஹட்-52646 என்ற எண் கொண்ட அந்தப் படிவத்தில் குடும்பத்தின் கடமைகள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். கையெழுத்துப் போட்ட அன்று யாரும் படித்திருக்க மாட்டோம், இப்போது படியுங்கள். இன்னொன்று உங்கள் ஹவுசிங் அத்தாரிட்டியின் அட்மினிஸ்ட்ரேட்டிவ் பிளான், அதாவது அவர்களுடைய உள்ளூர் விதிகளின் புத்தகம். பெரும்பாலும் அவர்கள் இணையதளத்திலேயே கிடைக்கும், இல்லையென்றால் அலுவலகத்தில் கேட்டு வாங்கிப் பாருங்கள். விருந்தாளி எத்தனை நாள் தங்கலாம், வருமானம் மாறினால் எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும், ஹியரிங் (நிறுத்தும் முடிவை எதிர்த்து உங்கள் பக்கத்தைச் சொல்லும் விசாரணை) கேட்க எத்தனை நாள் அவகாசம் என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும், அந்த எண்கள் இதில்தான் இருக்கும். பக்கத்து ஊர் அக்கா சொன்ன கணக்கை நம்பி இருந்துவிடாதீர்கள்.

மத்திய விதிகள் சி.எஃப்.ஆர். தொகுப்பின் 24-ஆம் தலைப்பில், பகுதி 982-இல் இருக்கின்றன. 551 கடமைகள், 552-உம் 553-உம் நிறுத்தும் காரணங்கள், 555 ஹியரிங். இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். நோட்டீஸில் இந்த எண்களைத்தான் போடுவார்கள், எது எதற்கு என்று தெரிந்திருந்தால் கடிதம் பாதி புரிந்துவிடும்.

கட்டாயம் நிறுத்தியே ஆக வேண்டிய காரணங்கள்

இந்தப் பட்டியல் சின்னது. சில சூழல்களில் மட்டும் ஹவுசிங் அத்தாரிட்டிக்கு வேறு வழியே கிடையாது: லீஸைக் கடுமையாக மீறியதற்காக வவுச்சர் வீட்டிலிருந்து நீங்கள் வெளியேற்றப்பட்டால், தகவல் சரிபார்க்க ஒப்புதல் தரும் படிவத்தில் கையெழுத்துப் போட மறுத்தால், சோஷியல் செக்யூரிட்டி எண் விவரமோ குடியுரிமை, குடியேற்ற நிலை குறித்த காகிதமோ கேட்டும் தராமல் விட்டால், அரசு உதவி பெறும் வீட்டு வளாகத்தில் மெத்தம்ஃபெட்டமைன் என்ற போதை மருந்தைத் தயாரித்ததாக உங்கள் வீட்டில் வசிக்கும் யாராவது தண்டிக்கப்பட்டால். இதில் நம் குடும்பங்கள் மாட்டுவது முதல் இரண்டு மூன்றில். குறிப்பாக 18 வயது ஆன பிள்ளையும் ஒப்புதல் படிவத்தில் தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும். பையன் கல்லூரியில் வேறு ஊரில் இருக்கிறான், வந்ததும் போடுவான் என்று அம்மா தள்ளிப் போடுவார், தேதி தாண்டிவிடும்.

மற்ற காரணங்களில் பெரும்பாலானவை நிறுத்தலாம் என்ற வகை. அதாவது அதிகாரி யோசித்து முடிவெடுக்க இடம் இருக்கிறது, நீங்கள் உங்கள் பக்கத்தைச் சொல்லவும் இடம் இருக்கிறது. நோட்டீஸ் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது உங்களுடையது எந்த வகை என்பதை.

வீட்டில் யார் இருக்கிறார்கள்

நம் குடும்பங்களுக்கு மிகவும் இடிக்கிற விதி இது. வவுச்சரில் பெயர் உள்ளவர்கள் மட்டும்தான் அந்த வீட்டில் வசிக்கலாம். குழந்தை பிறந்தால், தத்தெடுத்தால், நீதிமன்றம் ஒரு குழந்தையை உங்கள் பொறுப்பில் கொடுத்தால் உடனே தெரிவித்தால் போதும். வேறு யாராக இருந்தாலும், அது கல்யாணம் ஆகி வரும் மருமகளாக இருந்தாலும், வேலை போய்த் திரும்பி வரும் மகனாக இருந்தாலும், சேர்ப்பதற்கு முன்பே அனுமதி கேட்க வேண்டும். "நம்ம பிள்ளைதானே, அவனுக்கெதற்கு அனுமதி" என்பது நம் ஊர் நியாயம், ஹவுசிங் அலுவலகத்தில் அது செல்லாது. வீட்டை விட்டு ஒருவர் போய்விட்டாலும் உடனே சொல்ல வேண்டும்.

விருந்தாளிக்கு லீஸிலும் பிளானிலும் நாள் வரம்பு இருக்கும். ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் அப்பா அம்மா ஆறு மாதம் வந்து தங்குவது நமக்கு இயல்பான காரியம், ஹவுசிங் அத்தாரிட்டிக்கு அது அனுமதியில்லாத ஆள் குடியிருப்பது. அவர்கள் டிக்கெட் எடுக்கும் முன்பே வீட்டுக்காரருக்கும் ஹவுசிங் அத்தாரிட்டிக்கும் எழுதிக் கேளுங்கள், எந்தத் தேதி வந்து எந்தத் தேதி போவார்கள் என்று சொல்லுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். இதில் இன்னொரு கடுமையான விதியும் ஒளிந்திருக்கிறது: குடியேற்ற நிலையால் உதவிக்குத் தகுதி இல்லாத ஒருவரைத் தெரிந்தே நிரந்தரமாக வீட்டில் வைத்திருந்தால், குறைந்தது 24 மாதங்களுக்கு உதவி நிறுத்தப்படும். அதே ஆளை முதலிலேயே அறிவித்து, அவர் பங்கைக் கழித்து உதவியைக் கணக்கிட்டிருந்தால் இந்தத் தண்டனை இல்லை. தகுதி உள்ளவர், இல்லாதவர் இருவரும் கலந்த குடும்பத்துக்கு இப்படிக் குறைத்த உதவி தரும் வழி இப்போதுள்ள விதியில் இருக்கிறது. ஒளிக்காமல் எழுதினால் தொகை குறையும், ஒளித்தால் மொத்தமும் போகலாம்.

அப்புறம், உங்கள் முகவரியை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். சொந்தக்காரப் பையன் டிரைவிங் லைசன்ஸுக்காகவோ பேங்க் கடிதத்துக்காகவோ உங்கள் முகவரியைப் போட்டிருப்பான், வருஷத்துக்கு இரண்டு முறை வந்து தபாலை எடுத்துப் போவான். ஹவுசிங் அத்தாரிட்டி விசாரிக்கும்போது அந்த லைசன்ஸ்தான் அவன் அங்கே குடியிருப்பதற்குச் சான்றாக மேசையில் இருக்கும். அவன் வேறு வீட்டில் வாடகை கட்டுவதை நீங்கள்தான் நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும்.

வருமானமும் சொத்தும்

வருமானத்தை மறைத்தால் தெரிந்துவிடும் என்பதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஈ.ஐ.வி. என்ற ஹட் கணினி அமைப்பு உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணை வைத்து, நிறுவனங்கள் அரசுக்கு அனுப்பும் சம்பளத் தகவலோடும், வேலையில்லா உதவித்தொகை, சோஷியல் செக்யூரிட்டி தொகைகளோடும் ஒப்பிடுகிறது. தகவல் சில மாதம் தாமதமாக வரும், ஆனால் வரும். மகள் கடையில் பகுதிநேர வேலைக்குச் சேர்ந்ததை நீங்கள் மறந்திருப்பீர்கள், அடுத்த ஆண்டு ரீசர்டிஃபிகேஷனில் (வருமானத்தையும் குடும்ப விவரத்தையும் மறுபடி சரிபார்ப்பது) அந்தக் கடையின் பெயரும் மூன்று மாதச் சம்பளமும் அவர்கள் கையில் இருக்கும்.

ரொக்கமாக வாங்கும் சமையல் வேலை, குழந்தை பார்க்கும் வேலைச் சம்பளமும் வருமானம்தான். வேறு வீட்டில் இருக்கும் மகன் மாதாமாதம் அனுப்பும் பணமும் வருமானமாகக் கணக்கிடப்படும், பிறந்தநாள், பொங்கலுக்கு எப்போதாவது தருவது அந்தக் கணக்கில் வராது. ஊரில் இருக்கும் வீடு, நிலம், வங்கி வைப்பு பற்றியும் சொத்து கேட்கும் படிவத்தில் எழுத வேண்டும். "அமெரிக்காவுக்கு வெளியே இருப்பது இவர்களுக்கு எதற்கு" என்று விட்டுவிடுகிறோம். படிவத்தில் சொத்து இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது பொய்த் தகவல் ஆகிவிடுகிறது. தஞ்சாவூரில் அண்ணன் தம்பிகளுக்குள் இன்னும் பிரிக்காத வீட்டில் ஒரு பங்கு இருக்கிறது என்றால் அதை அப்படியே எழுதுங்கள், யார் பெயரில் இருக்கிறது, ஏன் விற்க முடியாது, வாடகை வருகிறதா இல்லையா என்பதையும் சேர்த்து.

தவறு நடந்துவிட்டிருந்தால்? அவர்கள் கூடுதலாகக் கட்டிய தொகையைத் தவணையில் திருப்பிக் கட்ட ஒப்பந்தம் போடலாமா என்று நீங்களே கேளுங்கள். மறதியால் விடுவதும் திட்டமிட்டு ஏமாற்றுவதும் ஒன்றல்ல, பல இடங்களில் முதல் தடவைக்குத் தவணை ஒப்பந்தத்தோடு விடுகிறார்கள். ஆனால் கட்ட முடியாத தொகைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். தவணை தவறினால் அதுவே உதவியை நிறுத்தத் தனிக் காரணம்.

ஊருக்குப் போவது

குடும்பத்தில் ஒருவர்கூட அந்த வீட்டில் இல்லாத நிலை தொடர்ச்சியாக 180 நாட்களைத் தாண்டக் கூடாது. எந்தக் காரணம் சொன்னாலும் சரி, மருத்துவமனையில் இருந்தாலும் சரி. இது மத்திய விதியின் உச்ச வரம்புதான், உள்ளூர் ஹவுசிங் அத்தாரிட்டி இதைவிடக் குறைவாக வைத்திருக்கலாம், பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். தனியாக வசிக்கும் ஒரு பாட்டி பேத்தி கல்யாணத்துக்கு யாழ்ப்பாணம் போய், அங்கே உடம்பு சரியில்லாமல் படுத்து, நான்கு மாதம் கழித்து வந்தால் வீடு இருக்குமா என்பது அந்த ஊர் பிளானைப் பொறுத்தது.

கிளம்பும் முன்பே எழுதிக் கொடுங்கள், திரும்பும் தேதி உள்ள டிக்கெட் நகலோடு. வாடகைப் பங்கும் மின்கட்டணமும் தொடர்ந்து போக ஏற்பாடு செய்யுங்கள். தபாலைப் பிரித்துப் படிக்க நம்பிக்கையான ஒருவரை வையுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஊருக்குப் போயிருக்கும்போது ரீசர்டிஃபிகேஷன் கடிதம் வந்து, இரண்டாம் கடிதம் வந்து, நிறுத்தும் நோட்டீஸும் வந்து, ஹியரிங் கேட்கும் தேதியும் முடிந்து, மூன்றும் அஞ்சல் பெட்டியிலேயே கிடப்பது உண்மையில் நடக்கிறது. அங்கே போய் உடம்பு முடியாமல் போனால் மருத்துவரின் கடிதத்தை உடனே மின்னஞ்சலில் அனுப்பி நீட்டிப்பு கேளுங்கள்.

வீட்டை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள்

ஓர் அறையை மாணவருக்கு உள்வாடகைக்கு விடுவது கூடாது. வேறு வீட்டில் வாழ்ந்துகொண்டு இதை வைத்திருப்பது கூடாது. அந்த வீட்டில் உங்களுக்கே சொத்துரிமை இருக்கக் கூடாது. பெற்றோர், பிள்ளை, தாத்தா பாட்டி, பேரப் பிள்ளை, கூடப் பிறந்தவர் ஆகியோருக்குச் சொந்தமான வீட்டை வவுச்சரில் எடுப்பதும் கூடாது. உடல் ஊனமுள்ள உறுப்பினருக்கு அந்த வீடுதான் வசதி என்று காட்டினால் மட்டும் விலக்கு கேட்கலாம். வீட்டிலிருந்தே தையல், இட்லி மாவு போன்ற சட்டப்படியான சிறுதொழில் செய்வதை வவுச்சர் விதி தடுக்கவில்லை, முதன்மையாக அது நீங்கள் வசிக்கும் வீடாக இருக்க வேண்டும், வருமானத்தைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

லீஸில் எழுதியதற்கு மேல் "தனியாக 200 டாலர் கையில் கொடு" என்று கேட்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. வீடு கிடைக்காத தவிப்பில் கொடுத்துவிடுகிறோம். வீட்டுக்காரர் அப்படி வாங்குவது அவருடைய ஒப்பந்தத்துக்கு எதிரானது, நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள். கொடுக்காமல், கேட்டதை ஹவுசிங் அத்தாரிட்டியிடம் சொல்லுங்கள்.

இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கடிதம் வந்தால் அன்று யாராவது வீட்டில் இருக்க வேண்டும், முடியாவிட்டால் முன்பே தேதி மாற்றுங்கள். பழைய குழாய் ஒழுகுவது வீட்டுக்காரர் பொறுப்பு. நீங்கள் கட்ட வேண்டிய மின்சாரமோ கேஸோ துண்டிக்கப்பட்டிருந்தால், நீங்கள் தர வேண்டிய அடுப்போ ஃபிரிட்ஜோ இல்லாவிட்டால், சாதாரணத் தேய்மானத்துக்கு மேல் சேதம் செய்திருந்தால் அது உங்கள் பொறுப்பு. உயிருக்கு ஆபத்தான குறை என்றால் 24 மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும், மற்றவற்றுக்குப் பொதுவாக 30 நாள்.

வாடகைப் பங்கைத் திரும்பத் திரும்பத் தாமதமாகக் கட்டுவதும் லீஸ் மீறல்தான். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்தால் அதன் நகலை ஹவுசிங் அத்தாரிட்டிக்கு உடனே கொடுக்க வேண்டும். நீங்களாகக் காலி செய்வதாக இருந்தாலும் இருவருக்கும் முன்பே எழுதித் தெரிவித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

குற்றம், போதை, வன்முறை

போதை மருந்து, வன்முறை, மற்றவர் நிம்மதியைக் கெடுக்கும் குடிப்பழக்கம் ஆகியவை காரணங்களாகும். நீதிமன்றத் தண்டனை வந்திருக்க வேண்டும் என்பதில்லை, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று சான்றுகள் காட்டினால் போதும். நம் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டிய ஒன்று: கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் கஞ்சா சட்டப்படி கடையில் கிடைக்கிறது, ஆனால் மத்தியச் சட்டத்தில் இன்னும் தடை, வவுச்சர் மத்திய அரசின் பணம். பப்ளிக் ஹவுசிங்கில் இது எவ்வளவு கடுமையாகப் போகும் என்பதற்கு 2002-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த ரக்கர் வழக்கு இருக்கிறது. ஓக்லண்ட் நகரில் முதியவர்களின் பேரன்கள் கார் நிறுத்துமிடத்தில் கஞ்சா புகைத்தார்கள், தாத்தா பாட்டிக்குத் தெரிந்திருக்காவிட்டாலும் வெளியேற்றச் சட்டம் அனுமதிக்கிறது என்று தீர்ப்பு வந்தது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை, ஆனால் சட்டம் அப்படித்தான் நிற்கிறது.

வவுச்சரில் ஒரு வழி உண்டு. குற்றம் செய்த உறுப்பினர் இனி அந்த வீட்டில் வசிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு மற்றவர்களுக்கு உதவியைத் தொடர அதிகாரிக்கு அனுமதி இருக்கிறது. கேட்டால்தான் யோசிப்பார்கள்.

கணவரிடம் அடி வாங்கும் பெண்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். போலீஸ் வந்தது, பக்கத்து வீட்டில் புகார் கொடுத்தார்கள் என்பதற்காக, பாதிக்கப்பட்ட உங்களின் உதவியை நிறுத்தக் கூடாது. வாவா என்று சுருக்கிச் சொல்லும் பெண்கள் மீதான வன்முறைத் தடுப்புச் சட்டம் உங்களைக் காக்கிறது. குடும்ப வன்முறை, பாலியல் வன்முறை, பின்தொடர்ந்து துன்புறுத்துதல் எல்லாம் இதில் அடக்கம். எழுத்தில் ஆதாரம் கேட்டால் ஹட்-5382 என்ற படிவத்தில் நீங்களே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம், குறைந்தது 14 வேலை நாள் அவகாசம் உண்டு. அடித்தவரை மட்டும் வவுச்சரிலிருந்து நீக்கச் சொல்லிக் கேட்கலாம். குடும்பம் பிரிந்தால் வவுச்சர் தானாகக் குடும்பத் தலைவர் என்று எழுதியிருக்கும் கணவருக்குப் போகும் என்று நினைக்காதீர்கள், விவாகரத்து நீதிமன்றம் யாருக்கு என்று உத்தரவிட்டால் ஹவுசிங் அத்தாரிட்டி அதன்படிதான் நடக்க வேண்டும்.

உங்கள் தப்பே இல்லாமல் போவது

வருமானம் உயர்ந்து ஹவுசிங் அத்தாரிட்டி கட்ட வேண்டிய பங்கு பூஜ்யம் ஆகிவிட்டால், கடைசியாக அவர்கள் கட்டியதிலிருந்து 180 நாளில் வீட்டுக்காரரோடு அவர்கள் போட்ட ஒப்பந்தம் தானாக முடியும். அதற்குள் வேலை போனால் உடனே சொல்லுங்கள், திரும்பத் தொடங்கலாம். வேறு வீட்டுக்கு மாறக் கையில் வவுச்சர் வாங்கினால் அதற்குக் காலக்கெடு உண்டு, குறைந்தது 60 நாள். அதற்குள் வீடு கிடைக்காமல் நீட்டிப்பும் மறுக்கப்பட்டால், அந்த மறுப்புக்கு ஹியரிங் கேட்கும் உரிமைகூட மத்திய விதியில் இல்லை. அதனால் நீட்டிப்பைத் தேதி முடியும் முன்பே, எந்தெந்த வீடுகளைப் பார்த்தீர்கள் என்ற பட்டியலோடு கேளுங்கள்.

இன்னொன்று பெரிய துயரத்தில் முடிகிறது. வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ள மகள் கூடவே தங்க வேண்டும் என்னும்போது, லிவ்-இன் எய்டு (கூடவே தங்கிக் கவனிக்கும் உதவியாளர்) என்று பதிவு செய்தால் மகளின் வருமானம் கணக்கில் வராது என்று யாராவது யோசனை சொல்வார்கள். உண்மைதான், வராது. ஆனால் அம்மா காலமானால் உதவி அந்த மாதத்தோடு நின்றுவிடும், எய்டாகப் பதிவான மகளுக்கு வவுச்சரில் எந்த உரிமையும் கிடையாது. குடும்ப உறுப்பினராகப் பதிவாகி இருந்தால் தொடரலாம். முடிவெடுக்கும் முன்பு இரண்டு பக்கமும் யோசியுங்கள்.

நோட்டீஸ் வந்துவிட்டது, இப்போது

உறையைத் தூக்கிப் போடாதீர்கள், அதன் மேல் உள்ள தபால் தேதி பின்னால் உதவும். கடிதத்தில் மூன்றைத் தேடுங்கள்: எந்தக் காரணம், எந்தத் தேதியில் நிறுத்தப் போகிறார்கள், எந்தத் தேதிக்குள் ஹியரிங் கேட்க வேண்டும். சில ஊர்களில் 10 நாள், சில ஊர்களில் 14 நாள் என்று அவகாசம் மிகக் குறைவாக இருக்கும். காரணம் என்னவென்று புரியாத அளவுக்கு மேலோட்டமாக இருந்தால் அதுவே ஒரு குறை, குறித்துக்கொள்ளுங்கள்.

அன்றோ மறுநாளோ எழுதுங்கள். நீளமான விளக்கம் வேண்டாம். உங்கள் பெயர், முகவரி, நோட்டீஸ் தேதி, இந்த முடிவை ஏற்கவில்லை, இன்ஃபார்மல் ஹியரிங் கேட்கிறேன், ஹியரிங்குக்கு முன் என் கோப்பைப் பார்க்க வேண்டும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். இவ்வளவு போதும். நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள், அல்லது ரசீது வரும் தபாலில் அனுப்புங்கள், மின்னஞ்சலும் அனுப்புங்கள். உங்கள் கோப்பைக் கவனிக்கும் அலுவலரான கேஸ்வொர்க்கரிடம் போனில் பேசி "பார்த்துக்கொள்கிறேன்" என்று அவர் சொன்னால் மகிழ்ச்சி, ஆனால் அது ஹியரிங் கேட்டதாக ஆகாது.

இந்த ஹியரிங் யாரோ போடும் பிச்சை இல்லை. 1970-இல் கோல்ட்பெர்க் எதிர் கெல்லி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வாழ்வாதாரமான நலத்தொகையை நிறுத்தும் முன் அந்த ஆளின் பேச்சைக் கேட்டாக வேண்டும் என்று சொன்னது, அதன் வழியில் வந்த உரிமை. உங்கள் செயலைக் காரணம் காட்டி நிறுத்துவதாக இருந்தால் ஹியரிங் வாய்ப்பு தருவதற்கு முன் வீட்டுக்காரருக்குப் போகும் பணத்தை நிறுத்தக் கூடாது. அதுவரை உங்கள் பங்கு வாடகையைத் தவறாமல் கட்டுங்கள், புதுக் காரணம் ஒன்றை நாமே கொடுக்க வேண்டாம்.

அதே வாரம் லீகல் எயிடுக்கு (இலவச சட்ட உதவி அமைப்பு) போன் செய்யுங்கள், எண் தெரியாவிட்டால் 211-ஐ அழைத்துக் கேளுங்கள். வக்கீல் கிடைத்தால் நல்லது, இல்லையென்றாலும் நீங்கள் நம்பும் யாரையும் உங்கள் சார்பில் பேச அழைத்துப் போகலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள், வீட்டையே இழக்கப் போகும் பேச்சை அந்தக் குழந்தை தன் வாயால் சொல்லக் கூடாது.

கோப்பைப் பார்க்கப் போவதைத் தவிர்க்காதீர்கள். அவர்கள் உங்களுக்கு எதிராகக் காட்டப் போகும் ஆவணங்களைப் பார்க்கவும், உங்கள் செலவில் நகல் எடுக்கவும் உரிமை உண்டு. கேட்டும் காட்டாத ஆவணத்தை ஹியரிங்கில் அவர்கள் பயன்படுத்த முடியாது. பல நேரம் கோப்பிலேயே பதில் இருக்கும்: நீங்கள் அனுப்பி அவர்கள் தொலைத்ததாகச் சொன்ன படிவம், பெயர் எழுத்துக்கூட்டு மாறியதால் வேறொருவரின் சம்பளம் உங்கள் கணக்கில் ஏறியது. தகப்பன் பெயரையும் சொந்தப் பெயரையும் மாற்றி மாற்றி எழுதும் நமக்கு இது நடக்கிறது.

பிறகு சான்றுகளைச் சேருங்கள். குற்றச்சாட்டே தவறு என்றால் அதை மறுக்கும் காகிதம்: சம்பளச் சீட்டு, அந்தப் பையனின் வேறு முகவரி லீஸ், பாஸ்போர்ட்டில் நுழைவு முத்திரை. குற்றச்சாட்டு உண்மை என்றால் வேறு விதமாகப் போக வேண்டும். தவறு எவ்வளவு பெரியது, அதில் யாருக்கு எவ்வளவு பங்கு, ஊனமோ நோயோ காரணமா, தவறில் பங்கில்லாத மற்றவர்களுக்கு என்ன ஆகும் என்பதையெல்லாம் ஹவுசிங் அத்தாரிட்டி எடைபோடலாம் என்று விதியிலேயே இருக்கிறது. மனச்சோர்வால் மாதக்கணக்கில் கடிதமே திறக்கவில்லை என்றால் மருத்துவரிடம் அதை எழுதி வாங்குங்கள், இனி நகல் மகளுக்கும் அனுப்பப்பட வேண்டும் என்று ரீசனபிள் அக்காமடேஷன் (ஊனமோ நோயோ உள்ளவருக்காக நடைமுறையை மாற்றித் தருவது) கேளுங்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள், டயாலிசிஸுக்குப் போகும் அப்பா, எல்லாவற்றுக்கும் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். நம்மவர்கள் வீட்டு நோயை வெளியே சொல்லக் கூசுகிறார்கள். இங்கே சொல்லுங்கள்.

ஹியரிங்கை நடத்துபவர் அந்த முடிவை எடுத்தவராகவோ அவருக்குக் கீழ் வேலை செய்பவராகவோ இருக்கக் கூடாது. நீதிமன்றம் போல் இறுக்கமான சான்று விதிகள் இல்லை. அவர்களுடைய சாட்சியை நீங்கள் கேள்வி கேட்கலாம், உங்கள் சாட்சியை அழைத்து வரலாம். அரை மணி முன்பே போங்கள், வராவிட்டால் தோற்றதாக முடித்துவிடுவார்கள். காகிதங்களை தேதிவாரியாக அடுக்கி மூன்று நகல் எடுத்துப் போங்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், ஊழியரிடம் குரலை உயர்த்தாதீர்கள், அவர்களை மிரட்டுவதோ தாக்குவதோ தனியாக ஒரு நிறுத்தக் காரணம். முடிவு காரணங்களோடு எழுத்தில் வர வேண்டும்.

அதிலும் தோற்றால் நீதிமன்றம் இருக்கிறது. நியூயார்க்கில் ஆர்ட்டிகிள் 78 என்ற வழியில் நான்கு மாதத்துக்குள் போக வேண்டும், மற்ற மாநிலங்களில் கெடுவும் வழியும் வேறு, இதற்கு வக்கீல் இல்லாமல் போவது மிகக் கடினம், முடிவு கைக்கு வந்த அன்றே லீகல் எயிடுக்குத் திரும்பப் போன் செய்யுங்கள். தோற்றாலும் வீட்டுக்காரருடன் உள்ள நிலையையும் கேளுங்கள், காலி செய்ய எவ்வளவு நாள் என்பது மாநிலச் சட்டம். ஹவுசிங் அத்தாரிட்டிக்குக் கடன் பாக்கி இருந்தால் அதைத் தீர்க்க எழுத்தில் ஏற்பாடு செய்யுங்கள், ஏனென்றால் பாக்கியும் நிறுத்திய காரணமும் ஈ.ஐ.வி.யில் பத்து ஆண்டு வரை இருக்கும், நாட்டில் எந்த ஹவுசிங் அத்தாரிட்டியில் மறுபடி விண்ணப்பித்தாலும் அவர்கள் பார்ப்பார்கள். அந்தப் பதிவில் தவறு இருந்தால் திருத்தக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.